பனைமேட்டின் உயரம்

ஃபிளோரா சொன்ன ஒரு வார்த்தையை நம்பித்தான் துரைராசு நூற்றுப் பன்னிரண்டு மாடுகளையும் பனைமேட்டிலேயே நிறுத்தினார். அவளும் பொய் சொல்லவில்லை. அளந்ததைத்தான் சொன்னாள்.

திருப்பனந்தாளுக்கு வடக்கே போய்க் கொள்ளிடக்கரை ஏறி, கரையோடு கிழக்கே இரண்டு மைல் போனால் ஈச்சனோடை ஆற்றில் விழுகிற இடம் வரும். கூட்டுமுகம் என்பார்கள். வடக்கே ஆறு, தெற்கே ஓடை, நடுவில் கலப்பைக் கொழு மாதிரி கூராக நீண்டு கிடக்கும் படுகை. நாற்று நட லாயக்கில்லாத நிலம். ஆனால் புல்லுக்குக் குறைவே கிடையாது. அறுப்பு முடிந்தால் துரைராசு வயல்களில் எருவுக்கு மாடுகளை நிறுத்திக் கிடை போடுவார். நடவு தொடங்கியதும் வயலில் மாட்டுக்கு இடமிருக்காது, அவரும் அவர் சம்சாரம் அம்சமும் மந்தையை ஓட்டிக்கொண்டு படுகைக்கு வந்துவிடுவார்கள். அந்த ஆடியிலும் அப்படித்தான். பெரும்பாலும் உம்பளச்சேரி மாடுகள். அதில் அவர்களுடையது ஒன்பதுதான். மற்றதெல்லாம் ஆறு ஊர்க்காரர்கள் நம்பி மேய்ச்சலுக்கு விட்டது.

கூட்டுமுகத்தில் தடுப்பணை ஒன்று கட்டலாமா என்று பேச்சு நடந்துகொண்டிருந்தது. அதற்கு முன்னால் எங்கே மேடு, எங்கே பள்ளம், ஆற்றின் அடி எவ்வளவு ஆழம் என்று வரைபடம் வேண்டும். அந்த வேலையை எடுத்த கம்பெனி வடகரையை வேறு ஒரு குழுவிடமும் தென்கரையையும் படுகையையும் ஃபிளோராவிடமும் கொடுத்திருந்தது. தஞ்சாவூர்க்காரி, முப்பத்தாறு வயது. பதினான்கு வருஷமாக நிலம் அளக்கிறாள். அவளோடு குழந்தைராஜ். அளவுகோல் பிடிக்கிறவர், ஐம்பத்தைந்து வயது, அவள் அப்பாவோடு மாதா கோயில் பாடகர் குழுவில் பாடியவர்.

பன்னிரண்டு நாள் அந்தப் படுகையைக் குறுக்கும் நெடுக்குமாக நடந்தார்கள். மத்தியானத்தில் அம்சம் மோர் கொடுப்பாள். பன்னிரண்டாம் நாள் சாயங்காலம், வேலை முடிந்து கருவியை மடக்கும்போது, கரைமேல் ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ போயிற்று. மேலே அணை நிரம்பிவிட்டது, நாளை மத்தியானத்துக்குள் கொள்ளிடத்தில் ஒன்றரை லட்சம் கன அடி வரும், படுகையில் இருப்பவர்கள் ஆடுமாடுகளோடு கரையேற வேண்டும்.

"இப்பவே கரையேத்திடுவோம்ங்க" என்றாள் அம்சம்.

துரைராசு யோசித்தார். கரைக்கு அந்தப்பக்கம் முழுக்கக் குறுவை நடவு. மந்தையை நிறுத்தக் காலடி மண் கிடையாது. மாடு ஒரு வரப்பைத் தாண்டினால் ஊரே கம்போடு வரும். போதாததற்கு மூன்று பசுக்கள் கன்று போட இன்றோ நாளையோ என்று நின்றன. படுகையின் நடுவே பனைமரங்கள் நிற்கிற மேடு ஒன்று இருந்தது. அவருக்குத் தெரிந்து அது இரண்டே தடவைதான் முங்கியிருக்கிறது. ஆனால் இப்போதெல்லாம் ஆறு முன்னைப்போல இல்லையே. அவர் ஃபிளோராவிடம் வந்தார்.

"ஏம்மா, இந்தப் படுகையக் கைய வச்சுத் தடவுன மாதிரி அளந்திருக்கீங்க. நீங்க சொல்லுங்க. பனைமேடு முங்குமா?"

அவள் டேப்லெட்டைத் திறந்து பார்த்தாள். ஆற்றில் இவ்வளவு வந்தால் தண்ணீர் இந்த உயரம் நிற்கும் என்று அரசாங்கக் கணக்கு இருக்கிறது. பனைமேட்டு உச்சி அதைவிட மேலே இருந்தது.

"முங்காதுண்ணே. உச்சியில மூணு அடி மிச்சம் இருக்கும்."

"நிச்சயமாவா?"

"அளந்ததுதானே."

துரைராசு அம்சத்தைத் திரும்பிப் பார்த்தார். அவள் மாடுகளை மேட்டுப் பக்கம் ஓட்டப் போனாள்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு, திருப்பனந்தாள் லாட்ஜில் ஃபிளோரா இட்லிப் பொட்டலத்தைப் பிரிக்கும்போது போன் வந்தது. கம்பெனியின் தலைமைப் பொறியாளர் ஹரிஹரசுப்ரமணியன், தஞ்சாவூரிலிருந்து.

"ஃபிளோரா, உங்க தென்கரையும் அவங்க வடகரையும் ஒட்டவே மாட்டேங்குதே. நடு ஆத்துத் திட்டுல ரெண்டு பேரும் எடுத்த உயரத்துக்கு நாலு அடி வித்தியாசம் வருது."

"அவங்க ஏதாவது தப்பு பண்ணியிருப்பாங்க சார்."

"அவங்க ரெண்டு பெஞ்ச் மார்க்குல சரிபார்த்திருக்காங்க. நீங்க?"

 ஒன்றில்தான் பார்த்திருந்தாள். கடல் மட்டத்திலிருந்து இவ்வளவு உயரம் என்று ஏற்கெனவே குறித்து வைத்த புள்ளிதான் பெஞ்ச் மார்க். மற்ற எல்லா உயரமும் அதிலிருந்துதான் பிறக்கும். இரண்டாவது புள்ளி ஐந்து மைல் தள்ளி இருந்தது. தண்ணீர் வருவதற்குள் வேலையை முடிக்க வேண்டும் என்று விட்டுவிட்டாள். பதினான்கு வருஷத்தில் அப்படி விட்டது இதுதான் முதல் தடவை.

இட்லி அப்படியே கிடந்தது. குழந்தைராஜை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஈச்சனோடை மதகுக்குப் பறந்தாள். மதகின் அடிக்கல்லில் வெட்டியிருந்த பழைய குறியில்தான் அவர்கள் கோலை நிறுத்தி ஆரம்பித்திருந்தார்கள். ஃபிளோரா மேலே கைப்பிடிச் சுவரைச் சுற்றி வந்தாள். ஓர் இடத்தில் கண்ணீர் அஞ்சலி சுவரொட்டி ஒன்று பாதி கிழிந்து ஒட்டிக்கொண்டிருந்தது. நகத்தால் சுரண்டினாள். சுவரொட்டிக்கு அடியில் சுண்ணாம்பு, சுண்ணாம்புக்கு அடியில் புதிய வெட்டு. பெஞ்ச் மார்க் பட்டியலில் இருந்த எண் அதன் பக்கத்திலேயே பொறித்திருந்தது. மதகைப் புதுப்பித்தபோது குறியை மேலே மாற்றியிருக்கிறார்கள். மேல் குறியின் உயரத்தைக் கீழ்க் குறிக்குக் கொடுத்து அவள் மொத்தப் படுகையையும் அளந்திருக்கிறாள்.

குழந்தைராஜ் கோலைக் கீழே நிறுத்தி மேல்வெட்டு வரை பார்த்தார். "நாலு அடிம்மா" என்றார் மெதுவாக.

மூன்று அடி மிச்சம் என்று சொன்னாளே, அதில் நாலு அடி போனால் பனைமேட்டு உச்சியில் ஒரு அடி தண்ணீர் ஓடும். ஓடுகிற ஆற்றில், கன்றுக்குட்டி நிற்கிற இடத்தில்.

துரைராசுவின் போன் அணைந்திருந்தது. பத்து தடவை அடித்தாள். தீயணைப்புக்கு அடித்தால், இருந்த இரண்டு படகும் மேற்கே வேறொரு திட்டுக்குப் போயிருக்கிறது, வந்ததும் அனுப்புகிறோம் என்றார்கள். கிராம நிர்வாக அலுவலர் தமிழரசன் எடுத்ததுமே சத்தம் போட்டார்.

"நேத்தே மைக்ல சொல்லியாச்சேம்மா! இன்னுமா அங்க இருக்காங்க? ஒரு லட்சத்து எம்பதாயிரம் தொறந்துட்டாங்க. யாரு அவங்கள இருக்கச் சொன்னது?"

"நான்தான் சார்."

 "வரேன், இருங்க" என்று வைத்துவிட்டார்.

கரைக்கு வந்தபோது மணி பத்து. நேற்று மாலை அவள் நடந்து வந்த புல்வெளி இல்லை. கரையின் அடியிலிருந்து பனைமேடு வரைக்கும் நூற்றைம்பது மீட்டர் செந்தண்ணீர். அதற்கு அப்பால், வீட்டு மனை நாலைந்து சேர்த்த அளவு மண்ணில், மாடுகள் உடம்போடு உடம்பு ஒட்டி நின்றன. அவற்றின் கத்தல் இங்கே வரைக்கும் கேட்டது. ஃபிளோரா இரண்டு கையையும் ஆட்டிக் கூப்பிட்டாள். மேட்டிலிருந்து துரைராசும் கையை ஆட்டினார். ஒன்றும் பயமில்லை என்கிற மாதிரி ஆட்டினார். 

"அவரு இன்னும் என்னைய நம்பிக்கிட்டு நிக்கிறாருண்ணே" என்றாள்.

அந்தத் தண்ணீருக்கு அடியில் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். ஓடைக்கு ஒரு காலத்தில் போட்டிருந்த பழைய கரை மண் மூடிப்போய்க் கிடந்தது. ஒரு வண்டி அகலம். இங்கே இலுப்பை மரத்தடியில் தொடங்கி, நேர்வடக்கே அறுபது மீட்டர் போய், அங்கே வலப்புறம் திரும்பி மேட்டில் ஏறும். அந்தத் திருப்பத்துக்கு உள்ளே, கரைக்கும் மேட்டுக்கும் நேர்வழியில், மெஷின் வைத்து மணல் அள்ளிய குழி. மூன்று ஆள் ஆழம். அவள் வரைந்த படத்தில் ஒவ்வொரு உயரமும் தப்பு. ஆனால் எதைவிட எது மேடு என்பது தப்பில்லை. எல்லாமே சேர்ந்துதான் நாலு அடி ஏறியிருந்தன.

அவள் செருப்பைக் கழற்றினாள்.

"வேண்டாம்மா" என்றார் குழந்தைராஜ். "படகு வரட்டும். உனக்கு நீச்சலும் தெரியாது. உன் பொண்ணு அனிட்டாவுக்கு ஒன்பது வயசுதாம்மா, யோசிச்சுப் பாரு."

"படகு வந்தா ரெண்டு பேரத்தான் ஏத்துவாங்க. மாட்ட விட்டுட்டு அவரு ஏறுவாருன்னு நினைக்கிறீங்களா?"

அவர் வண்டிக்குப் போனார். வண்டியிலிருந்த கயிற்றை அவள் இடுப்பில் கட்டி, மறுமுனையை இலுப்பையைச் சுற்றிப் பிடித்துக்கொண்டார். அவள் அளவுகோலை முன்னால் ஊன்றி ஊன்றிப் பார்த்து இறங்கினாள். பின்னால் இலுப்பை, முன்னால் வடகரையில் தெரிந்த கோயில் கோபுரம், இரண்டையும் ஒரே கோட்டில் வைத்துக்கொண்டு நடந்தாள். முழங்கால், பிறகு தொடை. தண்ணீர் வலப்பக்கமே தள்ளியது, குழி இருக்கிற பக்கம். ஒரு தடவை கோல் தரையே இல்லாமல் உள்ளே போயிற்று. அப்படியே நின்று, இடது காலால் துழாவி மண்ணைத் தேடி மாற்றி வைத்தாள். மாதாவே மாதாவே என்று வாய் தானாகச் சொல்லிக்கொண்டிருந்தது. திருப்பத்தில் கயிறு முடிந்துவிட்டது. அவிழ்த்துவிட்டு மிச்ச தூரத்தையும் நடந்தாள்.

துரைராசு ஓடிவந்து அவள் கையைப் பிடித்து மேலே இழுத்தார். "என்னம்மா இது, எதுக்கு வந்தீங்க?"

"நான் சொன்னது தப்புண்ணே. நாலு அடி தப்பா அளந்துட்டேன். இந்த மேடு முங்கும்."

அவர் அவளையே பார்த்தார். பிறகு திரும்பி, பனைமரத்தடியில் காலையில் அவர் நட்டு வைத்திருந்த குச்சியைப் பார்த்தார். தண்ணீர் குச்சியைத் தாண்டியிருந்தது.

"நேத்து மூணு அடின்னீங்களே."

"ஆமாண்ணே."

"உங்க வார்த்தைய நம்பித்தானே நிறுத்துனோம்!" அம்சம் கத்தினாள். "ராத்திரியே நடந்து போயிருக்கலாமே! அளந்ததுதானேன்னீங்களே தாயே!" அவள் ஒரு பசுவின் பக்கத்தில் மண்டியிட்டிருந்தாள். பசு படுத்திருந்தது. கன்றின் முன்னங்கால் இரண்டும் வெளியே வந்திருந்தன.

 துரைராசு அடுத்த கணமே மந்தைக்காரராக ஆகிவிட்டார். "பழைய கரை மேலயா வந்தீங்க? எங்க திரும்பணும்?"

"இலுப்பையும் அந்தக் கோபுரமும் நேரா வர்ற இடத்துல."

"மாடு நேராத்தான் கரைக்குப் போவும். பழகுன வழி அது. குழியில விழும். திருப்பத்துல யாராச்சும் நின்னாத்தான் சுத்திப் போவும்."

"நான் நிக்கிறேன்."

அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்ல நேரமும் இல்லை.

ஃபிளோரா திருப்பத்துக்குத் திரும்பப் போய் நின்றபோது தண்ணீர் இடுப்புக்கு வந்திருந்தது. மிதந்த கயிற்றைப் பிடித்து மறுபடியும் கட்டிக்கொண்டாள். துரைராசு மந்தையின் தலைமாட்டை, கழுத்தில் மணி கட்டிய கிழட்டுப் பசுவை, மூக்கணாங்கயிற்றோடு பிடித்து இறக்கினார். அது மூக்கை மேலே தூக்கிக்கொண்டு வந்தது. பின்னால் ஒன்று, அதன் பின்னால் இன்னொன்று. திருப்பத்தில் ஃபிளோரா கோலால் தண்ணீரை அடித்து "ஹேய், ஹேய்" என்று கத்தினாள். மாடுகள் அவளைக் கண்டு மிரண்டு ஒதுங்கி, அவளைச் சுற்றித் திரும்பி இலுப்பையை நோக்கிப் போயின. கரையில் தமிழரசனும் ஊர்க்காரர்கள் சிலரும் வந்து சேர்ந்து கொம்பைப் பிடித்து மேலேற்றினார்கள். இருபது போயிற்று. நாற்பது போயிற்று. கன்றுகள் தாயின் வாலுக்குப் பின்னால் நீந்தின. எழுபது தாண்டியதும் அவள் மனசில் ஒரு சின்ன தைரியம் வந்தது.

அப்போதுதான் மேற்கேயிருந்து வாழைக் கொல்லையே பெயர்ந்து வந்த மாதிரி ஒரு பெரிய குப்பை வந்தது. வேரும் தாரும் முள்ளுமாக. அது வரிசையின் நடுவில் மோதியது. ஒரு காளை மிரண்டு நேரே கரையைப் பார்த்துத் திரும்பியது. அதன் பின்னால் மிச்ச மாடுகள் எல்லாம் திரும்பின. ஃபிளோரா தொண்டை கிழியக் கத்தினாள். கோலை வீசினாள். காளையின் தோள் அவள் மார்பில் இடித்தது. தண்ணீருக்குள் போனாள். மேலே எது கீழே எது என்று தெரியவில்லை. இடுப்பில் கயிறு அறுத்தது. குழந்தைராஜும் இன்னும் மூன்று பேரும் இழுத்து அவளைக் கரையில் போட்டபோது அவள் இருமி இருமி எழுந்து உட்கார்ந்து பார்த்தாள்.

குழியின்மேல் தலைகள் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தன. கொம்பும் மூக்கும். கத்தக்கூட இல்லை. மாடு நீந்தும், கொஞ்சநேரம் எல்லாமே நீந்தின. ஆனால் அங்கே சுழித்த தண்ணீர் ஒவ்வொன்றாக எடுத்துக் கொள்ளிடத்தில் விட்டது. ஆற்றின் நடுவில் ஒரு தடவை முதுகு தெரியும், அப்புறம் தெரியாது.

துரைராசு கரைக்கு வரவில்லை. அம்சத்துக்காக மேட்டுக்கே திரும்பிப் போயிருந்தார். இங்கிருந்து பார்க்கப் படம் மாதிரி தெரிந்தது. கணுக்கால் தண்ணீரில் அம்சம் பசுவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு கிடந்தாள். அவர் இழுத்தார். அவள் உதறினாள். அவர் அவளை அடித்தார். அப்புறம் அவரும் அவள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். கரையில் எல்லோரும் கத்தினார்கள். கடைசியில் அவள்தான் முதலில் எழுந்தாள். கையைப் பிடித்துக்கொண்டு பழைய கரைமேல் வந்தார்கள், மார்பளவு தண்ணீரில். கயிற்றைக் கட்டிக்கொண்டு எதிரே போன இளவட்டங்கள் இரண்டு பேர் அவர்களைப் பிடித்துக்கொண்டார்கள்.

எழுபத்தெட்டு கரையேறியிருந்தது. முப்பத்து நாலு இல்லை. பனைமேட்டில் படுத்திருந்த பசு ஒன்றரை மணி வரைக்கும் தெரிந்தது.

படகு இரண்டு மணிக்கு வந்தது.

சாயங்காலம் ஹரிஹரசுப்ரமணியன் கூப்பிட்டார். அவர் நல்ல மனுஷர்தான். முதலில் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டார். அப்புறம் குரலைத் தாழ்த்தினார். "படம் இன்னும் நம்ம கையை விட்டுப் போகல. நாலு அடியக் கழிச்சு அனுப்பிடலாம். நீங்க அவர்கிட்ட சொன்னது எதுலயும் பதிவாகல. அரசாங்கம் முறைப்படி எச்சரிக்கை குடுத்திருக்கு. நீங்களா போய் எதுவும் பேசிக்காதீங்க."

அவர் சொன்னதில் பொய்யில்லை. ஊரிலும் அதற்குள் அப்படித்தான் பேச்சு. மைக் கட்டிச் சொல்லியும் கேட்காத துரைராசு, சோம்பேறித்தனம் பார்த்த துரைராசு. டீக்கடையில் அவள் காதுபடவே பேசினார்கள். துரைராசு ஒருவரிடமும் அவள் பேரைச் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று அவளுக்கு விளங்கவே இல்லை. மன்னித்துவிட்டாரா, அல்லது யார் பேரைச் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று விட்டாரா. கேட்கவும் துணிவில்லை.

மறுநாள் அவர் மாட்டுக்காரர்களின் வீடுகளுக்குப் போகக் கிளம்பும்போது அவளும் போய் நின்றாள். "நானும் வரேண்ணே. நான் சொல்றேன்."

அம்சம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். துரைராசு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "வாங்க" என்றார்.

முதல் வீட்டில் நாகேஸ்வரன் என்கிற ரிட்டயர்டு வாத்தியார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, உங்களையெல்லாம் எவன் அளக்க அனுப்பினான் என்று ஆரம்பித்து அரைமணி நேரம் வைதார். அவர் மனைவி குறுக்கே வந்து உள்ளே கூட்டிப்போனாள். அடுத்த வீட்டில் கதவே திறக்கவில்லை. மூன்றாவது வீட்டில் ஒருவன் துரைராசுவின் சட்டையைப் பிடித்தான். ஃபிளோரா நடுவில் புகுந்து, "அவர விடுங்க, நான்தான் இருக்கச் சொன்னேன்" என்றாள். அவன் அவளைத் தொடவில்லை. காறித் துப்பினான், அது அவள் காலருகே விழுந்தது. ஒவ்வொரு வீட்டிலும் அதே வாக்கியத்தை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. நான் அளந்தேன், தப்பா அளந்தேன், அத நம்பித்தான் இவரு இருந்தாரு. சொல்லச் சொல்ல அது லேசாகும் என்று நினைத்திருந்தாள். ஆகவில்லை.

மத்தியானம் மாலதி வீட்டுக்குப் போனார்கள். கணவன் இல்லாதவள், ஒரே ஒரு மாடு. அவள் வாசலில் துணி அலசிக்கொண்டிருந்தாள். ஃபிளோரா சொல்லி முடிக்கிறவரை அலசுவதை நிறுத்தவில்லை. முடித்ததும் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"ஏழு மாசச் சினை" என்றாள் துரைராசிடம். "வரிசையில முன்னாடி நின்னுச்சா, பின்னாடி நின்னுச்சா?"

"பின்னாடி, தங்கச்சி."

"எந்தப் பக்கமா இழுத்துச்சு?"

"ஆறு போற கிழக்குப் பக்கந்தான். ஆளு அனுப்பியிருக்கு. ஒண்ணு ரெண்டு ஒதுங்கியிருக்குன்னு சொல்றாங்க."

அவள் தலையை ஆட்டினாள். பிறகு ஃபிளோராவைப் பார்த்தாள். கோபம் ஒன்றும் தெரியவில்லை முகத்தில்.

"வந்து உண்மையச் சொல்லிட்டீங்க. சரி. நீங்க இதச் சொல்லிட்டுப் போயிருவீங்க. நான் நாளைக்குக் காலையில எந்திரிச்சு என்னாங்க செய்யறது?"

 ஃபிளோரா அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். வெயில் ஏறியிருந்தது. மாலதி இன்னும் கொஞ்சநேரம் காத்திருந்து பார்த்துவிட்டு, வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

"இன்னும் பத்து வீடு இருக்கும்மா" என்றார் துரைராசு. அவர் முன்னால் நடந்தார். அவள் பின்னால் போனாள்.